உருண்டு போன பேரிங்

அப்பாவின் கார் என்னைவிட மூத்தது, அம்மாவைவிடவும் மூத்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று மலையை விட்டுக் கீழே இறங்கிப்போன ஓர் எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கியது. அதற்குக் கியர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங்கை ஒட்டியே ஒரு கைப்பிடியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஊட்டி மார்க்கெட்டில் உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு மனைவி, மகள் என்று நாங்கள் இரண்டு பேர் இருந்தும், கொஞ்சல் எல்லாம் அந்தக் காருக்குத்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. முன் சீட்டில் உட்காரும் உரிமை என்னிடம் இருந்தது.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், குன்னூர் போய்த் திரும்பும்போது ஒரு வளைவில் அப்பா காரைத் திருப்பவில்லை. கார் நேராகப் போய் மண்மேட்டில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் மண்மேடு, இந்தப் பக்கம் பள்ளம். யாருக்கும் அடியில்லை. அப்பா எங்களை யாரோ போலச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஸ்டீயரிங்ல ஆட்டம் வந்துருச்சு" என்றார். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். ஒரு கணம் நினைவு தப்பியிருக்கிறது, இனியும் தப்பலாம், வண்டியைத் தொடக் கூடாது என்றார். அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் வீட்டில் யார் பேசுவது? நானும் அவர் கட்சிதான். மே மாத லீவில் என்னைக் காரில் பைக்காராவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மா கோயம்புத்தூருக்குப் போன் செய்து தன் தம்பியை வரவழைத்தாள். மாமா அங்கே பழைய கார்களுக்கென்றே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். வந்ததும் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இருக்குதுங்க மச்சான். பிரிச்சுப் பாத்தறலாம்" என்றார். அப்பா அம்மாவை வெற்றியோடு பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. மாமா நடு நட்டைக் கழற்றி, ஸ்டீயரிங் சக்கரத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். ஹாரன் வயர், கியர்க் கம்பி, வெளிக்குழாய், அதற்குள் ஓடும் நீளத் தண்டு என்று ஒவ்வொன்றாக வாசலில் விரித்த செய்தித்தாளுக்கு வந்தன. என் வேலை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுவது. குழாயின் மேல் முனையில் உட்காரும் பேரிங்தான் எனக்குப் பிடித்தது. வளையல் அளவு இருக்கும்; கழுவிச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றும்.

மத்தியானத்துக்குள் பாதி திரும்பப் பூட்டியாகிவிட்டது. முன் சக்கரங்களை நேராக நிறுத்திவிட்டு, பேரிங்கையும் ஸ்டீயரிங்கையும் தற்காலிகமாகப் பொருத்தி, என்னை அப்பாவின் சீட்டில் உட்காரவைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். மாமா கீழே படுத்து ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்குரூவைத் திருகுவார், "இப்ப ஆடுதா கண்ணு?" என்பார். கொஞ்சம் அதிகம் முறுக்கினால் கட்டையாகிவிடும், கொஞ்சம் விட்டால் லொடலொடக்கும். இரண்டுக்கும் நடுவில் வந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். எனக்கு டிரைவர் ஆகிவிட்ட மிதப்பு.

மீதி இருந்தது அந்தப் பேரிங்கை வெளியே எடுத்து, கிரீஸ் தடவி உட்காரவைப்பது மட்டும். அப்பா கை துடைக்கப் பனியன் துணி எடுக்க உள்ளே போனார். அம்மா வந்து காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா திரும்பி வந்தபோது மாமா படியோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வழுக்கிருச்சுங்க மச்சான். உருண்டு போயிருச்சு."

எங்கள் வீடு பெர்ன்ஹில்லில் ஒரு சரிவில் இருந்தது. அங்கே உருளக்கூடியது எது கைதவறினாலும் கீழே இருந்த கேரட் தோட்டத்துக்குத்தான் போகும். என் பந்துகள் பாதி அங்கேதான் குடியிருந்தன. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. எல்லோரும் இறங்கித் தேடினோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேரட் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, எங்கள் எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினாள். என் பழைய பந்து இரண்டு கிடைத்தன.

பேரிங் இல்லாமல் தண்டு குழாய்க்குள் உரலில் உலக்கை மாதிரி ஆடியது. மாமா ஊருக்குப் போய் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடுவதாகச் சொன்னார். போன் செய்யும்போதெல்லாம் அந்த அளவு கிடைக்கவில்லை என்றார். அப்பா தினமும் சாயங்காலம் நின்ற காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் துடைத்தார். லீவு கரைந்துகொண்டிருந்தது.

ஒரு மழை நாளில் ஸ்வெட்டர் பொத்தானுக்காக அம்மாவின் தையல் மிஷின் டிராயரைக் குடைந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, பேரிங் இருந்தது. அம்மா எப்போதோ தோட்டத்தில் கண்டெடுத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பைக்காரா கண்ணில் தெரிய, அப்பா உட்கார்ந்திருந்த காருக்கு ஓடினேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். விரலால் ஒருமுறை சுற்றிவிட்டார்.

"எங்க இருந்துச்சு?"

"அம்மாவோட தையல் மிஷின் டிராயர்ல."

அப்பா அடுப்படி ஜன்னலைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு அதைத் துணியில் சுற்றி என்னிடமே கொடுத்தார்.

"இது அது இல்லீங் கண்ணு. அது வேற. இருந்த எடத்துலயே வச்சிரு."

"இதேதாம்ப்பா. நான்தான கழுவுனேன்."

"எனக்குத் தெரியாதா? போ, வச்சிட்டு வா. அம்மாட்ட ஒண்ணும் கேக்காத."

அழுகையும் ஆத்திரமுமாக அதைத் திரும்ப வைத்தேன். இத்தனை வருடம் கார் வைத்திருந்தும் தன் கார் பேரிங்கை அடையாளம் தெரியாத மனிதரை நம்பி லீவைத் தொலைத்தோமே என்றிருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது அப்பா, "பைக்காராவுக்கு பஸ்லயே போயிட்டு வந்தரலாம்" என்றார். அம்மா ரசக்கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்புறம் ரசத்தை ஊற்றினாள்.

கூடலூர் பஸ்ஸில் அப்பாவுக்கு டிரைவருக்குப் பின் சீட்டு கிடைத்தது. நானும் அம்மாவும் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். வளைவுகள் தொடங்கியதும், மனதில் வைத்துப் பொருமிக்கொண்டிருந்ததை அம்மாவின் காதில் கொட்டிவிட்டேன்.

"அப்பாவுக்குக் காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. உன் டிராயர்ல இருந்த பேரிங்கைக் கொண்டுபோய்க் காட்டுனா, இது அது இல்லைன்னுட்டாரு."

அம்மா என் கையைப் பிடித்தாள். "அப்பறம்?"

"இருந்த எடத்துலயே வைக்கச் சொன்னாரு. உங்கிட்டக் கேக்க வேண்டாம்னாரு."

அம்மா முன்னால் இருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவர் டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், தோள்கள் குலுங்கின. மலைப் பாதையில் குமட்டல் எல்லோருக்கும் வருவதுதான். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, அம்மாவின் மூக்கருகே பிடித்தேன்.