வயலும் இல்லை, வளவும் இல்லை

இன்று காலை முருங்கன் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு அக்கா. மடியில் காணிப் பத்திரம்.

"வீட்டுத்திட்டம் கிடைச்சிருக்கு தங்கச்சி. ஆனா அத்திவாரம் வெட்ட விடுகினம் இல்லை," என்றார்.

காணி அவருடைய பெயரில்தான். ஆனால் பதிவில் வயல் என்று இருப்பதால் வீடு கட்டக்கூடாது என்று ஒரு அரசாங்கக் கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். சரி, விதைப்போம் என்று பற்றையை வெட்டப் போக, இன்னொரு கந்தோர்க்காரர் வந்து, இது இப்போது காடு, மரத்தில் கைவைக்காதீர்கள் என்று தடுத்திருக்கிறார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க வளர்ந்த மரத்துக்கு நான் என்ன செய்யிறது எண்டு கேட்டன்."

மாத முடிவுக்குள் அத்திவாரம் வெட்டாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும். இன்று மூன்றாவது கந்தோருக்குப் போகிறார். இறங்கும்போது என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் அழைத்தார்.

"அடுத்த மாதம் வந்து பாக்கினமாம். நான் நாளைக்கே அத்திவாரம் வெட்டப் போறன். நீங்களும் வாங்கோ தங்கச்சி, படிச்ச ஆளொண்டு பக்கத்தில நிண்டா அதட்டமாட்டினம்."

ஓம் என்றுவிட்டேன். அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

காணிச் சட்டம் தெரிந்தவர்கள் விடிவதற்குள் ஏதாவது சொல்லுங்கள். நான் படித்தது கணக்கியல்.