பேச்சில் விடுபட்ட யுத்தம்

மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, பேச்சுப் போட்டிக்கு முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் வாழ்க்கையைத் தெரிவுசெய்தாள். நூலகப் புத்தகத்தைப் பார்த்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு பெரிய யுத்தத்தில் படைத் தளபதியாக இருந்து வென்று, பிறகு ஜனாதிபதியானவர்.

எழுதி முடித்த பின்தான் பயம் வந்தது. எங்கள் நாட்டிலும் யுத்தம் நடந்த காலம் அது; வெள்ளவத்தையிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியிலிருந்த சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பிள்ளைகளின் பைகளையும் திறந்து பார்ப்பார்கள். படை, தாக்குதல், தளபதி என்று தமிழில் எழுதிய தாள் அகப்பட்டால், அது அமெரிக்காவின் கதை என்று யார் விளங்கப்படுத்துவது? அந்தப் பகுதியை முழுவதும் விட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

"சண்டையை விட்டா அந்தாளிட்ட மிச்சம் என்ன இருக்கு?" என்றார் கணவர். "தோட்டம் கொத்தினவரெண்டு எழுதுமன்."

"மிச்சம் இருக்கிறதே காணும், அது போதும்," என்றேன்.

போட்டியன்று மற்றத் தாய்மாரோடு நானும் மண்டபத்தில் இருந்தேன். மகள் தடங்கலில்லாமல் பேசினாள். முடிவில் நடுவராக இருந்த ஆசிரியை, "ஜனாதிபதியா வர முதல் அவர் என்ன செய்தவர்?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சண்டை பிடிச்சவர், டீச்சர். செக்பொயின்ரில பிடிப்பாங்களெண்டு அம்மா அதை எடுத்துப்போட்டா."

பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார் ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி, போய் இருங்கோ," என்ற ஆசிரியை வேறொன்றும் கேட்கவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மகள், "நான் தெரியாதெண்டு சொல்லியிருக்க வேணுமோ, அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படிச் சொல்லியிருக்கலாமே என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.