சிவப்புத் துணி கட்டிய பாத்தி

சீனப் புத்தாண்டு நெருங்கினால் புக்கிட் பாஞ்சாங் காய்கறித் தோட்டங்களில் எங்களைப் போன்ற பெண்களுக்குச் சில வாரம் வேலை கிடைக்கும். குனிந்து குனிந்து கீரை பறிப்பதில் இடுப்பு என்னுடையதுதானா என்றே சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை எடுத்துக்கொள்ளத் தோட்ட முதலாளியான சீனத் தவுக்கே விடுவார்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, சிவப்புத் துணி கட்டிய பாத்தியில் என் வீட்டுக்கான கீரையைப் பறித்தேன். பண்டிகைக்கு வாசல், வண்டி எல்லாவற்றிலும் சிவப்பு கட்டுகிறார்களே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். சிராங்கூன் சாலை வீட்டுக்கு வந்ததும் சமைக்கத் தெம்பில்லை. ரொட்டியும் தேநீருமாக ஒப்பேற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் கிளம்பும்போது, "மத்தியானம் கீரையக் கடைஞ்சு தம்பிக்கும் போடு" என்று மகளிடம் சொன்னேன்.

தோட்டத்தில் அதே பாத்தியில் மறுபடி கைவைத்தேன். உடன் வேலை செய்யும் மரியம் அக்கா கத்தினார்: "அதத் தொடாத லா! பூச்சிமருந்து அடிச்ச பாத்தி. அதுக்குத்தான் தவுக்கே துணி கட்டியிருக்காரு."

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் நின்று நின்று போயிற்று. வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

கீரையை முறத்தோடு பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஆண்டும் அதே வேலை, அதே இடுப்பு வலி. ஆனால் எந்தப் பாத்தியில் பறிக்கலாம் என்று தவுக்கேயின் மனைவியிடம் கேட்ட பிறகே குனிகிறேன். தினமும் கேட்பதற்கு அந்த அம்மாள் சலித்துக்கொள்கிறார். சலித்துக்கொள்ளட்டும். அன்று மாலை எனக்குக் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்திருந்தால், அந்தக் கீரையை அப்போதே கடைந்து, என் கையாலேயே பிள்ளைகளுக்குப் போட்டிருப்பேன்.