மூன்று சுற்று டேப்

சின்னப்பையனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முத்தாபுதுப்பேட்டைக்காரன். அப்பா, அம்மா வயல் கூலி. பட்டாபிராமில் நாங்கள் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் வந்து சேர்ந்து இரண்டு வருஷம்தான். எனக்கு அங்கே பதினோரு வருஷம். ஆனாலும் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே, “சின்னப்பையன் இல்லையா?” என்பார்கள். எதிரிலேயே நான் குத்துக்கல்லாட்டம் நிற்பேன்.

அப்படி என்ன செய்துவிடுகிறான்? நாங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சத்தத்தைச் சரிசெய்வோம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் உட்காருவான். ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, தவில் கச்சேரி ஒன்றைப் போட்டுக் கேட்பான்.

“ஊட்டுக்காரம்மா, புள்ளைங்கோ எல்லாம் பின்னாடிதான குந்துவாங்கோ, அண்ணாத்தே?”

இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரியும்.

முதலாளி ரகுநாதன் குத்தம்பாக்கத்தில் இன்னொரு கடை திறப்பதாக இருந்தார். எங்கள் இருவரில் ஒருவர்தான் அதற்குப் பொறுப்பு. தன் சொந்தக் காரை அவனிடம் கொடுத்து, “செட் பண்ணு, கேட்டுட்டு சொல்றேன்” என்றார். பதினோரு வருஷத்தில் அந்தக் காரை என்னைத் தொடவிட்டதில்லை.

வேலையை முடித்துவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். நான் இடது கதவைப் பிரித்து, ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றி மாட்டினேன். அப்படிச் செய்தால் சத்தம் வரும், தவிலின் கனத்த அடி மட்டும் இறங்காது. கைப்பழக்கத்தில் ஒயர் முனையில் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கதவை மூடினேன்.

முதலாளி ஏறி உட்கார்ந்து கேட்டார். “இன்னாப்பா இது, தவிலா தகர டப்பாவா?”

பின்சீட்டில் சின்னப்பையன் கண்ணை மூடினான். பத்து விநாடி இருக்கும். இறங்கி நேராக இடது கதவைப் பிரித்தான். டேப்பைப் பார்த்தான். கடையில் மூன்று சுற்று சுற்றுகிறவன் நான் ஒருவன்தான். என்னைப் பார்த்தான். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான்.

“நான்தான் மொதலாளி ஒயர மாத்தி மாட்டிட்டேன்.”

குத்தம்பாக்கம் எனக்கு வந்தது. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று மறுநாள் கேட்டேன்.

“உன்னிய தொரத்திட்டா நீ எங்க போவ, அண்ணாத்தே? என்னியன்னா எவனாச்சும் கூப்டுவான்.”

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெருந்தன்மையிலும் அவனே முந்திக்கொண்டான். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்படுகிறேன்.

நேற்று ஒருவர் தன் காரின் பின்சீட்டில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “சின்னப்பையன்கிட்ட கத்துகினியா?” என்று கேட்டார்.

“இல்ல சார், நம்ம யோசனைதான்” என்றேன்.