ஆற்றில் எறிந்த துவக்கு

மரியநேசனோடு ஒரே வள்ளத்தில் பதினொரு வருடம் தொழில் செய்தவன் நான். மீன் பிடிப்பதில் அவன் சுமார்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, படக்கதை சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதிலும் வைரவேல் என்கிற லொறிக்காரன் கதாநாயகனாக வரும் படம் அவனுக்கு வேதம் மாதிரி. கிழிந்த வலை பொத்தும்போது அந்தக் கதையைத் தொடங்கினானென்றால் எங்களுக்குப் பசி தெரியாது. வைரவேலின் தம்பியைக் கொன்றவன் கடைசியில் பாலத்தில் அகப்படுவான். வைரவேல் அவனைச் சுடத் துவக்கை நீட்டுவான். பிறகு என்ன நினைத்தானோ, துவக்கை ஆற்றில் எறிந்துவிட்டுத் தாயிடம் நடந்துபோவான். அந்த இடத்தில் மரியநேசனுக்குக் குரல் தழுதழுக்கும். எனக்கும் கண் கலங்கும், சொல்வதற்கென்ன வெட்கம்?

இடம்பெயர்ந்து நாங்கள் புதுக்குடியிருப்பில் இருந்த காலம். ஞாயிறு பூசை முடிய, வீரகத்தி என்பவர் தன் வீட்டு யன்னல்களைச் சாக்கால் மறைத்து, ஜெனறேற்றர் போட்டுப் படம் காட்டுவார். தொண்ணூற்றெட்டில் வைரவேலின் இரண்டாம் படம் அங்கே வந்தது. மரியநேசன் ஓடிப்போய் முன்னுக்கு இருந்தான். முதல் காட்சியிலேயே சிறைக்கதவு திறந்து வைரவேல் வெளியே வந்தான்.

"உவன் ஏன் மறியலுக்குப் போனவன்? துவக்கைத்தான் ஆத்திலை எறிஞ்சிட்டானே!" என்று மரியநேசன் எழும்பிக் கத்தினான்.

மூன்றாம் படம் அதைவிட மோசம். வைரவேல் குடித்துவிட்டுக் கண்டவனையெல்லாம் சுட்டான். மரியநேசனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"இது ஆரெண்டே எனக்கு விளங்கேல்லை, அண்ணை. படம் எடுக்கிறவங்களுக்குத் தங்கடை படமே ஞாபகமில்லையோ?"

"உனக்குத்தான் மறதி" என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"முதல் படத்தைக் கொண்டு வாங்கோ. நான் சொன்னது பிழையெண்டால், இனிச் சாகுமட்டும் படக்கதைக்கு வாய் திறக்கமாட்டன்."

கோதாரி, ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று இருந்தது. அவன் வாயை மூடினால் எங்களுடைய பகற்பொழுது எப்படிப் போகும்?

மூன்று மாதம் அலைந்து வீரகத்தி முதல் படத்தின் கசற்றை எடுப்பித்தார். மரியநேசன் கலியாணத்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தான். படம் பார்க்க ஒருநாளும் வராத அவன் மனைவி புனிதமலரும் அன்று வந்து பக்கத்தில் இருந்தா. பாலம் வந்தது. வைரவேல் துவக்கை நீட்டினான்.

"இப்ப எறிவான் பாருங்கோ" என்றான் மரியநேசன்.

வைரவேல் சுட்டான். விழுந்தவனை மேலும் ஐந்து தரம் சுட்டான். பொலிஸ் வந்து விலங்கு போட, படம் முடிந்தது.

"நான் கண்டனான். என்ரை ரண்டு கண்ணாலை கண்டனான்" என்றான் மரியநேசன்.

புனிதமலர் அவன் கையைப் பிடித்தா. "இஞ்சாருங்கோ, நாங்கள் முடிவு பாக்கேல்லை. கலியாணம் கட்டின மாதம் யாழ்ப்பாணத்திலை பாத்தது. அவன் துவக்கை நீட்டேக்கை வெளியிலை வெடிச்சத்தம் கேட்டு எல்லாரும் எழும்பி ஓடினனாங்கள். பஸ்ஸிலை நான் அழுதுகொண்டு வந்தன். அப்ப நீங்கள்தான் மிச்சத்தைச் சொன்னியள்."

"அப்ப அந்த ஆறு? தண்ணி தெறிச்சது?"

"எல்லாம் நீங்கள் சொன்னதுதான்."

"ஏன் இவ்வளவு காலமும் நீ ஒண்டும் சொல்லேல்லை?"

"எனக்கு அந்த முடிவுதான் பிடிச்சது."

அடுத்தநாள் வலை பொத்தும்போது அவன் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானாம். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எனக்குத் தெரிந்த மட்டில் நானே வைரவேல் கதையைத் தொடங்கினேன். பாலம் வரைக்கும் வந்தாயிற்று. வைரவேல் துவக்கையும் நீட்டிவிட்டான். எறியச் செய்வதா, சுடச் செய்வதா?

மரியநேசன் ஊசியை வைத்துவிட்டு, கதையை முதன்முதலாகக் கேட்கிறவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"எறிஞ்சவனோ, அண்ணை?"

"ஓமடா, எறிஞ்சவன்" என்றேன்.