முன்வாசலில் முளைத்த கோரை

மணியம்மையின் வலது கையில் பழைய ஸ்க்ரூ டிரைவர். இடது கை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த கோரையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. குத்தினாள், நெம்பினாள், இழுத்தாள். புல் வந்தது, கிழங்கு வரவில்லை. அதற்காக அவள் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை. கிழங்கு உள்ளே கிடந்தால் பதினைந்து நாளில் மறுபடி முளைக்கும். முளைத்தால் வீட்டுக்கார நிர்மலா டீச்சர் மறுபடி கூப்பிடுவார்.

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பிலும் நெல்லிலும் களையெடுத்தவள். புருஷன் சுப்பன் போன பிறகு திருத்தணிக்கு வந்தாள். புதுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கார் நிறுத்த சிமெண்ட் கல் பதித்தார்கள்; இடுக்கில் கோரை வந்தது. உப்பைக் கொட்டினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மஞ்சளாகிப் படுத்தது, மழை பெய்ததும் எழுந்துகொண்டது. கடைசியில் மணியம்மையைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒன்பது வீடு. இரண்டு முட்டியிலும் நீர் கோத்திருந்தது. குந்தக் கூடாது என்றார் டாக்டர். குந்தாமல் களையெடுப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தது டீச்சர் வீட்டுப் பக்கத்துச் சந்தில். முன்வாசல் வேலை புதிதாக வந்த கவிதாவுக்குப் போய்விட்டது.

முன்வாசல் சாதாரண இடமில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து நடந்து வரும் காவடிக்காரர்கள், மலையேறும் முன் அங்கேதான் காவடியை இறக்கி உட்காருவார்கள். அவர்களில் மூத்தவரான வீராசாமி, "இன்னா மணியம்மா, வெறுங்கால் வெச்சா ஒரு முள்ளு குத்தல" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் பெயரை நாலு பேர் நடுவில் ஒருவர் சொல்வது.

கவிதாவுக்கு முப்பது வயதிருக்கும். அவள் புல்லைப் பிடுங்குவதே இல்லை. கல்லையே பெயர்த்தாள். கீழே ஒரு முழம் தோண்டி, சரடு சரடாக ஓடிய வேரைக் கிழங்கோடு உருவினாள். குழியில் கருங்கல் தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து இடித்து, கல்லை மட்டம் பார்த்து வைத்தாள். மூன்று மாதம் ஆகியும் முன்வாசலில் ஒரு பச்சை இல்லை.

"பாத்தியா மணியம்மா, எப்டி கீதுன்னு! நீயும் அவகிட்ட கத்துக்கயேன்" என்றார் டீச்சர், காபி டம்ளரை நீட்டியபடி.

"ஆங், கத்துக்கினா போச்சு டீச்சரம்மா" என்றாள் மணியம்மை. காபி கசந்தது. சர்க்கரையெல்லாம் போட்டுத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம், டீச்சர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரம். மணியம்மை சந்தில் நோண்டி மடியில் கட்டியிருந்த பத்துக் கோரைக் கிழங்கை எடுத்து முன்வாசல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மேலே தூளைத் தடவினாள். அவ்வளவுதான். நெல் வயலில் ஒரு நாளும் செய்யாத வேலை.

இரண்டு மழை பெய்தது. பன்னிரண்டாம் நாள் முன்வாசலில் பத்துக் கொத்து.

"கிருத்திகைக்கு எட்டு நாள்கூட இல்ல, இப்டி நிக்கிதே!" என்று கவிதாவை வரவழைத்துப் பிடித்துக்கொண்டார் டீச்சர். "உன் வேலை இவ்ளோதானா? மணியம்மா, இனிமே முன்னாலயும் நீயே பாத்துக்க."

நினைத்தது கிடைத்துவிட்டது. மணியம்மை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை மறைத்தாள்.

டீச்சர் உள்ளே போனதும் கவிதா ஒரு கல்லைத் தூக்கினாள், பக்கத்துக் கல்லையும் தூக்கினாள். இரண்டிலும் ஓரமாக, தூளின் மேல்மட்டத்தில் ஒரே ஒரு கிழங்கு. கீழே வேர்ச்சரடு எதுவுமில்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சந்துப் பக்கம் வந்தாள்.

"யக்கா, இது அடியிலேர்ந்து வரல. மேலேர்ந்து வெச்சது."

"யாரு வெப்பாங்க? எலி கிலி இழுத்தாந்திருக்கும்."

"எலி இடுக்குக்கு ஒண்ணா எண்ணி வெக்குமா?" கவிதா குனிந்து மணியம்மையின் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள். அதன் பிடி இடுக்கில் கருங்கல் தூள் ஒட்டிக் காய்ந்திருந்தது. சந்தில் கருங்கல் தூளே கிடையாது. "வெச்ச கை நல்ல கைதான்க்கா. பத்துக்குப் பத்தும் மொளச்சிடுச்சே. எங்க ஊர்ல நாத்து நட வரியா?"

கவிதா டீச்சரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் மணியம்மை சண்டை போட்டிருப்பாள். சண்டையில் அவளை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆளில்லை. கவிதா கிழங்கைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று மாத வேலைக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு போனாள். இதுதான் மணியம்மையை உறுத்தியது. அந்தப் பெண்ணின் கல் மட்டம் எவ்வளவு சுத்தம் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே வயிறு எரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டீச்சர் வீட்டு கேட்டைத் தட்டினாள்.

"டீச்சரம்மா, அந்தக் கோரைய நான்தான் வெச்சேன். கவிதா வேலையில ஒரு கொறையும் இல்ல. முன்பக்கம் அவளையே கூப்புடுங்க."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுல உனக்கு இது இன்னா புத்தி?"

"வயசுக்கும் அதுக்கும் இன்னா டீச்சரம்மா."

"முன்வாசல் பக்கம் இனி நீ வராத. சந்த மட்டும் பாரு." சொல்லிவிட்டு அங்கேயே நின்று கவிதாவுக்குப் போன் போட்டார்.

மணியம்மை சந்துக்குப் போனாள். முட்டிக்கடியில் சாக்கை மடித்துப் போட்டு, டீச்சர் வீட்டுக் கடப்பாரையை முதல் கல்லுக்கடியில் கொடுத்தாள். மூன்றாம் தடவையில் கல் வந்தது. தோண்டி, சரட்டைக் கிழங்கோடு உருவி எடுத்தாள், ஏழு கிழங்கு. கல்லைத் திரும்ப வைத்தபோது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். எட்டு மணிக்கு வந்த கவிதா, இவள் முதல் கல்லை வைத்து முடிப்பதற்குள் முன்வாசலில் நாலு கல் முடித்திருந்தாள். மணியம்மை எட்டிப் பார்த்தாள். நாலும் மட்டமாகத்தான் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கல்லுக்கடியில் கடப்பாரையைக் கொடுத்தாள்.