தொண்ணூற்றைந்து இல்லாத நாள்

பெற்றோல் தொட்டியின் மூடியைத் திறந்தால் அண்ணன் உடனே திருப்பி மூடமாட்டார். கையில் வைத்துக்கொண்டு மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்ப்பார். பிறகு தோளில் கிடக்கும் துணியால் அதன் விளிம்பைத் துடைத்து, டிக் டிக் என்று சத்தம் வரும்வரை மெதுவாகத் திருகுவார். குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது போல இருக்கும். நீல நிற ஜப்பான் கார் அது. மூடிக்கு மேலே இருக்கும் சின்னக் கதவின் உட்பக்கத்தில் என்னென்னவோ எழுத்து அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே முன்பு வைத்திருந்த யாரோ 95 என்று அழியாத மையால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவை நீங்கள் போனில் பார்த்ததுதான் அதிகம். போன கிழமை சின்னவள் என்னிடம், “பெரியப்பா உண்மையிலேயே ரேஸ் ஓடினாராப்பா?” என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும் போலவும், ஆமாம் என்று சொன்னாலும் பொய்யாகிவிடும் போலவும் இருந்தது. வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கார் அண்ணனுடையது அல்ல, நிவித்திகலயில் இருந்த ஒரு கல் முதலாளியுடையது. அவருடைய மாணிக்கக் குழிகளுக்கு ஆட்களையும் பலகையையும் ஏற்றிப் போகும் ஜீப்பைத்தான் அண்ணன் ஓட்டினார். முதலாளி நல்ல கல் ஒன்று விற்ற சந்தோஷத்தில் அந்த நீலக் காரை வாங்கிவிட்டார். டர்போ போட்ட கார். குனிந்து ஏற வேண்டும், உட்கார்ந்தால் முதுகைப் பிடித்து இறுக்கும். முதலாளிக்கு ஏற்கெனவே முதுகு வலி. இரண்டு மூன்று தடவை இரத்தினபுரிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியை அண்ணனிடம் நீட்டி, “உம்ப எலவபங்” என்று சிங்களத்தில் சொன்னாராம். நீயே ஓட்டு. அன்றைக்குத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்த அண்ணனின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. உங்கள் அம்மா, “என்னா மச்சான், பொண்ணு பாத்துட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். “அதுக்கும் மேல புள்ள” என்றார்.

என்னுடைய ஆட்டோவுக்கு எந்தப் பெற்றோல் கிடைத்தாலும் அடிப்பேன். காசு இருந்த தீபாவளிக்கு, விலை கூடிய தொண்ணூற்றைந்து நம்பர் பெற்றோலை அடித்துவிட்டு, இன்றைக்கு வண்டி பறக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அண்ணன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “நம்பர் கூடினா பலம் கூடும்னு யாருடா சொன்னா? அது பலம் இல்ல தம்பி, பொறுமை” என்றார். எனக்குப் புரியவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்க ஆட்கள் நிற்பார்களே, அதை வைத்துச் சொன்னார். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடும்வரை நிற்கிறவன் ஒருவன். நெருக்கித் தள்ளினால் கூப்பிட முன்பே ஓடுகிறவன் இன்னொருவன். டர்போ கார் பெற்றோலைக் காற்றோடு சேர்த்துப் போட்டு நெருக்கும். தொண்ணூற்றைந்து அந்த நெருக்கலிலும் பிளக் நெருப்புக் கொடுக்கும்வரை பொறுத்து நிற்கும். வழமையாக அடிக்கும் தொண்ணூற்றிரண்டு பொறுக்காது, தானாக முன்னாலேயே பற்றிக்கொள்ளும். மேலே வருகிற பிஸ்டனின் தலையில் அது சுத்தியலால் அடித்த மாதிரி விழும். “ஒன்னோட ஆட்டோவுல நெருக்கலே இல்ல. அங்க போய்ப் பொறுமைசாலிய நிறுத்தி என்னா பிரயோசனம்?” என்றார்.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகும் ரோட்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ரப்பர் மலையில் தொடங்கி, தேயிலைக்குள் வளைந்து வளைந்து, கோயில் மரத்தைத் தாண்டி மேலே போகும் ரோடு. அந்த ரோட்டில் யார் வேகமாக ஏறுவது என்று கார் ஏற்றும் போட்டி ஒன்று வைக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் டவுனிலிருந்து சேதி வந்தது. முதலாளி தன்னுடைய காரைப் பதிந்தார். ஓட்டுகிறவர் என்ற இடத்தில் அண்ணனுடைய பெயரைக் கொடுத்தார். அண்ணனுக்குப் பரிசு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த ரோட்டில் விறகு லொறி, உர லொறி, கொழுந்து லொறி, பிள்ளை பெறப் போகிறவர்கள், பெட்டியில் போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியவர். ஒரே ஒரு தடவை, பின்னால் ஆளும் இல்லாமல் சாமானும் இல்லாமல், அந்த ஏத்தத்தை அதற்கென்றே செய்த ஒரு வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. வேலை முடிந்து வந்து அந்த ரோட்டில் நடந்தே ஏறுவார். வளைவுக்கு வளைவு நின்று காலால் மண்ணைத் தட்டிப் பார்ப்பார்.

அதற்குள் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெற்றோல் செட்டுகளில் வரிசை ரோட்டைத் தாண்டி வளைந்து நின்றது. முதலில் காணாமல் போனது தொண்ணூற்றைந்துதான். போட்டியை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம், அவர்கள் நிறுத்தவில்லை. அண்ணன் பலாங்கொடைப் பக்கம் கேட்டார், அவிசாவளைப் பக்கம் கேட்டார். எங்கே கேட்டாலும், “அனூ பஹ நே” என்ற ஒரே பதில்தான். தொண்ணூற்றைந்து இல்லை. காரின் தொட்டியில் அடிமட்டத்தில் கொஞ்சம் கிடந்தது. போட்டி நடக்கும் இடத்துக்கு மெல்ல ஓட்டிப் போக அது போதும். வளைவில் சாய்த்து ஏற்றப் போதாது என்றார்.

அவர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்த உங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. போட்டிக்கு முதல் நாள் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினாள். “நம்ம ரோட்டுல நம்ம ஆளு ஓட வேணாமா? மைக்கில நம்ம தோட்டத்துப் பேரச் சொல்ல வேணாமா?” என்று கேட்டிருக்கிறாள். அந்த நாளில் ஒரு போத்தல் பெற்றோல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனாலும் பைக் வைத்திருந்தவர்கள் குழாய் விட்டு உறிஞ்சிக் கொடுத்தார்கள். பழைய ஆட்டோ வைத்திருந்தவர் தன்னுடைய எண்ணெய் கலந்த பெற்றோலைக் கொடுத்தார். புல் வெட்டும் மெசினில் கிடந்ததைக்கூட ஒருவர் கவிழ்த்துவிட்டார். யாரோ கள்ளமாக வாங்கிய, மண்ணெண்ணெய் வாசம் வீசும் போத்தல் ஒன்றும் அதற்குள்ளே போனது. பெற்றோல் என்றால் பெற்றோல்தானே. கேன் நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் காலை, ஏத்தம் தொடங்கும் இடத்தில் சனமாக நின்றது. அண்ணன் காரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, கேனை இடுப்பில் தூக்கி வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். பின்னால் பாதி லயம் நின்றது. “ஊத்துங்க மச்சான். இனி எவன் பின்னுக்குத் தொங்குறான்னு பாப்போம்!”

அண்ணன் கேனின் மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார். அந்த மண்ணெண்ணெய் வாசம் தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. அதற்குள் முதலாளி வந்தார். கேனைப் பார்த்துவிட்டு அண்ணனின் தோளைத் தட்டினார். அவருக்கு எங்கள் தமிழ் கொஞ்சம் வரும். “ஊத்து. ஒரு நாள் தானே. போனா எஞ்சின் போவுது, என்ட எஞ்சின் தானே” என்றார். மனதாரத்தான் சொன்னார். டர்போவைக் குறைத்து வைத்துத் தொண்ணூற்றிரண்டிலேயே ஓட்டலாம் என்று கூட வந்த மெக்கானிக்கும் சொன்னார்.

அண்ணன் கேனையும் பார்த்தார், சனத்தையும் பார்த்தார், வளைந்து மேலே போகும் ரோட்டையும் பார்த்தார். ஊற்றியிருக்கலாம். முதலாளியே சொல்லியாயிற்று, ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. மைக்கில் அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் கையைத் தூக்கி, இல்லை என்று ஆட்டினார்.

“என்னா மச்சான் இது? பயந்துட்டீங்களா?” என்று உங்கள் அம்மா கத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“இல்ல புள்ள. நீங்க எல்லாரும் வாயக் கட்டித் தந்தது. இத ஊத்தி அந்த ஏத்தத்துல ஏத்துனா, பாதியில எஞ்சின் கதறும். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால மிதிக்க ஏலாது” என்றார். பிறகு மெக்கானிக்கிடம், “கொறைச்சு ஏத்துறதுக்கு நான் கொழுந்து லொறியிலயே ஏறிட்டேன் தானே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் எப்படிச் சிரித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு காராக ஏறியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, எந்த வளைவில் எவன் கியர் மாற்றுகிறான் என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

கேனில் கலந்ததை இனிப் பிரித்துக் கொடுக்க முடியாது. யாருடையது எது என்று சண்டை வராமல், அதை என்னுடைய ஆட்டோவில் ஊற்றி, பரீட்சைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றி இறக்கினோம். வண்டி இருமிக்கொண்டு, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். பிள்ளைகள் பின்னால் இருந்து, “ரேஸ் பெற்றோல்! ரேஸ் பெற்றோல்!” என்று கூவுவார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து கூவினார். ஆனால் அந்த வருசத்துக்குள்ளேயே முதலாளி காரை விற்றார், குழிகளும் ஓய்ந்தன, அண்ணன் அரபு நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. போய் இத்தனை காலமாகியும் ஒரு தடவைகூட லீவில் வரவில்லை.

இப்போது இங்கே எல்லா செட்டிலும் தொண்ணூற்றைந்து கிடைக்கிறது. வரிசையும் இல்லை. பம்ப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் இதை அன்றைக்கு ஏன் தரவில்லை என்று யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருக்கும். அண்ணன் வேலை செய்யும் வீட்டில் அந்த நீலக் காரை விடப் பெரிய கார்கள் நிற்கின்றனவாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு வேலை. போன வெள்ளிக்கிழமை பேசும்போது சொன்னார்: “இங்க தொண்ணூத்தெட்டு இருக்கு தம்பி. எந்த பம்ப்புக்குப் போனாலும் இருக்கு. ஏத்தம் தான் இல்ல. எங்க பாத்தாலும் தட்டையாவே கெடக்கு.”

பிறகு, “ஆட்டோவுல தானே இருக்கே? போனக் கட் பண்ணாம பையில போட்டுட்டு மேல் டிவிசனுக்கு ஏறேன்” என்றார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சட்டைப் பைக்குள் போனைப் போட்டுக்கொண்டு ஏறினேன். ரப்பர் மலை முடிந்து முதல் வளைவு வந்தபோது பைக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. “ரெண்டுக்கு எறக்கு.” இறக்கினேன். கோயில் மரத்தடியில், “இப்ப விடாத, மிதி” என்றார். ஆட்டோவில் மிதிக்க இருப்பது பிரேக் மட்டும்தான், நான் கைப்பிடியைத் திருகினேன். நான் சொல்லாமலே ஒவ்வொரு வளைவையும் அவர் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மேலே போய் ஆட்டோவை நிறுத்திப் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவருக்கு மூச்சு வாங்கியது.

“வந்துட்டமா தம்பி?” என்று கேட்டார்.